கனடா பி.ஆர். கார்டு காலாவதியான மனைவியோடு கனடா திரும்புவது எப்படி? 730 நாள் கணக்கில் கணவரின் குடியுரிமை எங்கே கைகொடுக்கும்?

சென்னை விமான நிலையம். டொராண்டோ போக டிக்கெட் எடுத்த தம்பதி செக்-இன் கவுன்டரில் நிற்கிறார்கள். கணவரிடம் கனடா பாஸ்போர்ட். அவருக்குப் பிரச்சினை இல்லை. மனைவியிடம் இந்திய பாஸ்போர்ட்டும், போன மாதம் தேதி முடிந்துபோன கனடா பி.ஆர். கார்டும். "மேடம், இந்தக் கார்டை வெச்சு போர்டிங் பாஸ் தர முடியாது" என்று பதில் வருகிறது. "நான் கனடா சிட்டிசன், இவங்க என் மனைவி" என்று கணவர் கல்யாணச் சான்றிதழை எடுத்து நீட்டினாலும் பலன் இல்லை. கவுன்டரில் இருப்பவர் குடிவரவு அதிகாரி இல்லை. அவர் பார்ப்பது ஆவணத்தை மட்டும்தான்.

சென்னையில் மட்டுமல்ல, கட்டுநாயக்காவிலும் இதே கதைதான். கனடாவுக்கு நேரடி விமானம் இல்லாததால் தோஹா, துபாய், லண்டன் என்று மாறிப் போகிற பயணிகளுக்கும் முதல் விமான நிலையத்திலேயே இந்தச் சோதனை நடந்துவிடும்.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பிரசவம், சொத்து வழக்கு, பிள்ளைகள் கொஞ்ச காலம் ஊரில் படிக்கட்டும் என்ற ஆசை. இப்படி ஏதோ ஒன்றுக்காக ஆறு மாதம் என்று கிளம்பி, அது மூன்று வருஷம் ஆகிவிட்ட குடும்பங்கள் நிறைய. அதற்குள் கார்டு காலாவதி ஆகிவிடும். அப்போது வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஒன்று, "கார்டு போச்சுன்னா பி.ஆரும் போச்சு." இன்னொன்று, "புருஷன் சிட்டிசன்தானே, எப்படியும் விட்டுடுவாங்க." இரண்டுமே தவறு. முதல் பேச்சை நம்பி தேவையே இல்லாமல் பி.ஆரைக் கைவிட்டவர்களும் உண்டு, இரண்டாவதை நம்பி விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தவர்களும் உண்டு.

(இந்தக் கட்டுரையில் வசதிக்காக கணவர் குடிமகன், மனைவி பி.ஆர். என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. மாறி இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.)

கார்டு வேறு, அந்தஸ்து வேறு

கனடாவில் நிரந்தர வசிப்புரிமை, அதாவது பி.ஆர்., என்பது சட்டம் தரும் ஓர் அந்தஸ்து. கார்டு அதற்கான சான்று மட்டுமே. ஓட்டுநர் உரிமம் மாதிரி தேதி முடிந்தால் உரிமையும் முடிந்துவிடும் என்று இதை நினைக்கக் கூடாது.

2002 ஜூன் 28-ல் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. பிளாஸ்டிக் பி.ஆர். கார்டு வந்ததும் அந்தச் சட்டத்தோடுதான். அதற்கு முன்னால் போனவர்களிடம் 'ஐ.எம்.எம். 1000' என்ற காகிதம்தான் இருந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு கனடா போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர்களில் மூத்தவர்கள் வீட்டு அலமாரியில் அந்தத் தாள் இன்றும் இருக்கும். 2003 டிசம்பர் 31 முதல் விமானத்தில் கனடா திரும்ப கார்டு கட்டாயம் ஆனது.

சட்டத்தின் 46-வது பிரிவு பி.ஆர். அந்தஸ்து எப்போது போகும் என்று சொல்கிறது. கனடா குடிமகன் ஆனால் போகும். வெளியேற்ற உத்தரவு அமலுக்கு வந்தால் போகும். தானே முன்வந்து கைவிட்டு, அதை அரசு ஏற்றுக்கொண்டால் போகும். வசிப்புக் கடமையை நிறைவேற்றவில்லை என்று வெளிநாட்டில் இருப்பவர் விஷயத்தில் இறுதியாக முடிவானால் போகும். 'கார்டு காலாவதி ஆனால்' என்று அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

அப்படியானால் ஏன் விமானத்தில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள்?

அதே சட்டத்தின் 31-வது பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது. கனடாவுக்கு வெளியே இருக்கும் ஒருவர் பி.ஆர். என்பதைக் காட்டும் ஆவணத்தைக் காட்டாவிட்டால், அதிகாரி வேறு முடிவு எடுக்கும் வரை, அவருக்கு பி.ஆர். அந்தஸ்து இல்லை என்றே கருதப்படும். அந்தஸ்து உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் நிற்கும்போது அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு பயணியுடையது.

விமான நிறுவனங்களுக்கு இதில் பணக் கணக்கும் உண்டு. உரிய ஆவணம் இல்லாத பயணியைக் கனடாவுக்கு ஏற்றிவந்தால், அந்த நிறுவனம் ஒரு பயணிக்கு 3,200 கனடா டாலர் வரை கட்டணம் கட்ட நேரிடும். திருப்பி அனுப்பும் செலவும் அவர்கள் தலையில்தான். அதனால்தான் கவுன்டரில் கெஞ்சினாலும் மிஞ்சினாலும் ஒரே பதில் வருகிறது. ரயில், பஸ், கப்பல் என்று டிக்கெட் வாங்கிப் போகும் எல்லா வாகனங்களுக்கும் இதே விதி.

ஊரில் இருந்தபடியே கார்டைப் புதுப்பிக்க முடியுமா? முடியாது. பி.ஆர். கார்டு கனடாவுக்குள் மட்டுமே வழங்கப்படும் என்பது விதி. டொராண்டோவில் இருக்கும் மச்சான் முகவரியைப் போட்டு, இங்கிருந்தே விண்ணப்பித்து, கார்டை கூரியரில் வரவழைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். கனடாவில் இல்லாதபோது இருப்பதாகக் காட்டி விண்ணப்பிப்பது உண்மையை மறைப்பது. 730 நாள் சரியாக இருக்கும் ஆளைக்கூட அது பெரிய வம்பில் மாட்டிவிடும்.

பி.ஆர்.டி.டி.: வீடு திரும்ப ஒரு ஸ்டிக்கர்

வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பி.ஆர்.களுக்காகவே இருப்பதுதான் 'பெர்மனென்ட் ரெசிடென்ட் டிராவல் டாக்குமென்ட்', சுருக்கமாக பி.ஆர்.டி.டி. விசா போலவே பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரப்படும் தாள் இது. பெரும்பாலும் ஒரு தடவை கனடாவுக்குள் நுழைய மட்டுமே செல்லும். கட்டணம் 50 கனடா டாலர்.  கையில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருக்க வேண்டும் என்பதால், அதுவும் முடியப்போகிறதென்றால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. கார்டு தொலைந்துபோனவர்களுக்கும் திருட்டுப்போனவர்களுக்கும் இதே வழிதான்.

50 டாலர்தானே, ஒரு ஃபார்ம்தானே என்று பலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். பி.ஆர்.டி.டி. விண்ணப்பம் என்பது வெறும் பயண அனுமதி கேட்கும் மனு இல்லை. "நான் இன்னும் பி.ஆர்.தானா என்று சோதித்துச் சொல்லுங்கள்" என்று விண்ணப்பதாரரே போய்க் கேட்பதற்குச் சமம். அதிகாரி கடந்த ஐந்து வருடத்தையும் புரட்டிப் பார்ப்பார். பாஸாகிவிட்டால் ஸ்டிக்கர். இல்லையென்றால் பி.ஆர். அந்தஸ்தே ஆட்டம் காணும். அதனால் படிவத்தில் கை வைப்பதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட வேண்டும்.

அந்த 730 நாள் கணக்கு

சட்டத்தின் 28-வது பிரிவு சொல்வது இது: ஒவ்வொரு ஐந்து வருட காலத்திலும் குறைந்தது 730 நாட்கள் வசிப்புக் கடமையை நிறைவேற்ற வேண்டும். இரண்டு வருடம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று இல்லை. விட்டு விட்டு இருந்தாலும் கூட்டிக்கொள்ளலாம்.

எந்த ஐந்து வருடம் என்பதில்தான் குழப்பம். கார்டில் அச்சாகியிருக்கும் ஐந்து வருடம் இல்லை. சோதனை நடக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும் ஐந்து வருடம். பி.ஆர்.டி.டி. கேட்டால் விண்ணப்பத்தை ஒட்டிய ஐந்து வருடம். எல்லையில் அதிகாரி கேட்டால் அந்த நாளுக்கு முந்தைய ஐந்து வருடம். அதனால் இன்று சரியாக இருக்கும் கணக்கு, விண்ணப்பத்தை நாலு மாதம் தள்ளிப்போட்டால் இடிக்கலாம். பழைய கனடா நாட்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

பி.ஆர். கிடைத்து இன்னும் ஐந்து வருடம் ஆகாதவர்களுக்குச் சலுகை உண்டு. ஐந்தாவது வருடம் முடிவதற்குள் 730 நாளை எட்ட முடியும் என்று காட்டினால் போதும். கடந்த காலத்தோடு மிச்சமிருக்கும் நாட்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கணவர் கனடா குடிமகன் என்றால் என்ன ஆகும்?

இங்கேதான் கணவரின் பாஸ்போர்ட் வேலை செய்கிறது. விமான நிலைய கவுன்டரில் பயன்படாத அதே பாஸ்போர்ட், 730 நாள் கணக்கில் பெரிய துருப்புச் சீட்டு.

28-வது பிரிவின்படி, கனடாவுக்கு வெளியே இருந்தாலும், கனடா குடிமகனான கணவர் அல்லது மனைவியுடன் இருந்த நாட்கள் கனடாவிலேயே இருந்த நாட்களாகக் கணக்கில் சேரும். 'உடன் இருப்பது' என்றால் என்ன என்பதை விதிமுறைகளின் 61-வது விதி விளக்குகிறது. அந்தக் குடிமகனோடு வழக்கமாக ஒரே இடத்தில் வசிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாளாகச் சேரும்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்த்தால் புரியும். ஸ்கார்பரோவில் இருந்த தம்பதி. கணவர் குடிமகன் ஆகி எட்டு வருடம். மாமியாரைப் பார்த்துக்கொள்ள இருவரும் யாழ்ப்பாணம் போகிறார்கள். மூன்றரை வருடம் அங்கேயே ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இந்த ஐந்து வருடத்தில் மனைவி கனடாவில் இருந்தது ஒன்றரை வருடம்தான், சுமார் 545 நாள். தனியாகப் பார்த்தால் 730-க்கு இது போதாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் கணவரோடு இருந்த நாட்களும் சேரும்போது, ஐந்து வருடமும் கிட்டத்தட்ட முழுசாகக் கணக்கில் வந்துவிடுகிறது. கார்டு காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தாலும் அவர் பி.ஆர்.தான். செய்ய வேண்டியது அதை நிரூபிப்பது மட்டும்.

இந்த விதி தெரியாமலே, "மூணு வருஷமா ஊர்ல இருந்துட்டோம், இனி புதுசா ஸ்பான்சர் பண்ணித்தான் கூட்டிட்டுப் போகணும்" என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இருக்கிற வீட்டின் சாவியைக் கடலில் போட்டுவிட்டு அதே வீட்டை மறுபடி வாடகைக்குக் கேட்பது மாதிரி.

கணக்கு எங்கே தப்பும்?

முதல் இடம், கணவர் எப்போது குடிமகன் ஆனார் என்பது. அவர் உறுதிமொழி எடுத்துக் குடிமகன் ஆன நாளுக்குப் பிறகு வரும் நாட்களே சேரும். அதற்கு முன் அவரும் பி.ஆர். ஆக இருந்தபோது இருவரும் வெளிநாட்டில் கழித்த நாட்களுக்கு இந்தச் சலுகை இல்லை. கணவரும் வெறும் பி.ஆர். என்றால், அவர் கனடா நிறுவனத்துக்காகவோ கனடாவின் மத்திய, மாகாண அரசுப் பணிக்காகவோ முழுநேர வேலையில் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தால்தான் கூட இருக்கும் மனைவிக்கும் நாட்கள் சேரும். சென்னையில் உள்ள ஐ.டி. கம்பெனியில் அவரே வேலை தேடிச் சேர்ந்திருந்தால் சேராது.

இரண்டாவது, தமிழ்க் குடும்பங்கள் அதிகம் சறுக்கும் இடம். மனைவியும் குழந்தைகளும் ஊரில், கணவர் மட்டும் வேலைக்காக பிராம்ப்டனில். வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து போவார். இது 'உடன் வசிப்பது' ஆகாது. கல்யாணம் ஆகியிருப்பது, மாதாமாதம் பணம் அனுப்புவது, தினமும் வீடியோ காலில் பேசுவது எதுவும் இந்தக் கணக்கில் உதவாது. கணவர் உண்மையில் கூட இருந்த அந்த ஒரு மாதத்தைக்கூட 'வழக்கமாகச் சேர்ந்து வசித்தது' என்று அதிகாரி ஏற்பாரா என்பது கேள்விக்குறிதான்.

மூன்றாவது, யார் யாரோடு போனார்கள் என்ற கேள்வி. பி.ஆர். வாங்கிய மனைவி கனடாவில் குடியேறவே இல்லை, எப்போதும் ஊரில்தான் இருந்தார், குடிமகனான கணவர்தான் வந்து அவரோடு சேர்ந்துகொண்டார் என்றால், அது மனைவி கணவருடன் சென்றதாகுமா? 61-வது விதி சேர்ந்து வசிப்பதை மட்டுமே பேசினாலும், இப்படிப்பட்ட வழக்குகளில் இது விவாதமாகியிருக்கிறது. இருவரும் கனடாவில் குடும்பம் நடத்திவிட்டு, பிறகு சேர்ந்து கிளம்பியவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவது குறைவு.

நிரூபிக்க என்ன வேண்டும்?

கணவரின் குடியுரிமைச் சான்று, திருமணச் சான்றிதழ், ஐந்து வருடத்தில் இருவரும் பயன்படுத்திய எல்லா பாஸ்போர்ட்டுகளின் நகல். இவை அடிப்படை. பழைய, ரத்தான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. உள்ளே போன, வெளியே வந்த முத்திரைகள் அதில்தான் இருக்கும்.

ஆனால் வழக்கைத் தாங்கிப் பிடிப்பது ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததைக் காட்டும் காகிதங்கள். இரண்டு பேர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரிக்கு வந்த வங்கிக் கணக்கு விவரம், பிள்ளைகளின் பள்ளி ஆவணத்தில் உள்ள பெற்றோர் முகவரி, மருத்துவமனை ரசீது, வேலை செய்திருந்தால் அலுவலகக் கடிதம். நம் ஊரில் பெரும்பாலும் வீடு அப்பா பெயரில், கரன்ட் பில் தாத்தா பெயரில் இருக்கும். வாடகை ஒப்பந்தம் எதுவும் இருக்காது. அப்படியானவர்கள் வங்கியிலும் கேஸ் இணைப்பிலும் தங்கள் பெயரை, முகவரியைப் பதிவு செய்துவைப்பது பின்னால் கைகொடுக்கும். வீட்டு உரிமையாளரான அப்பாவின் சத்தியக் கடிதம் கூடுதல் ஆதாரமாக நிற்கும். அது மட்டுமே போதும் என்று இருந்துவிடக் கூடாது.

எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தமிழர்களின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு மாறும் கடைசிப் பெயர், யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் வேறு எழுத்துக்கூட்டல் என்று பெயர்க் குழப்பங்கள் அதிகாரிக்குப் புரியாது. ஒரு சின்ன விளக்கக் கடிதம் வைத்தால் போதும்.

தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு தேவை.

கணக்கு இடித்தால்?

எல்லாவற்றையும் கூட்டியும் 730 வரவில்லை என்றால் கதவு உடனே மூடிவிடாது. மனிதாபிமான அடிப்படையில் அதிகாரி விலக்கு தர 28-வது பிரிவே இடம் தருகிறது. பாதிக்கப்படும் குழந்தையின் நலனையும் அதில் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. படுக்கையில் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, சிக்கலான பிரசவம், விபத்து போன்ற காரணங்களை மருத்துவ ஆவணத்தோடு சொல்ல வேண்டும். "சூழ்நிலை சரியில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அதிகாரி புரிந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. எவ்வளவு நாள் குறைகிறது, ஏன் முன்பே திரும்ப முடியவில்லை, கனடாவில் வீடு, வேலை, உறவு என்று என்ன பிடிப்பு இருக்கிறது என்பதையெல்லாம் எடைபோடுவார்கள். 20 நாள் குறைபவரும் 600 நாள் குறைபவரும் ஒன்றில்லை.

இப்படி இடிக்கிற நிலையில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் கனடாவில் உரிமம் பெற்ற குடிவரவு வழக்கறிஞரிடமோ ஆலோசகரிடமோ ஒரு தடவை பேசிவிடுவது நல்லது. பக்கத்துத் தெரு டிராவல் ஏஜென்டிடம் கேட்கும் விஷயம் இல்லை இது.

மறுத்துவிட்டால் 60 நாள்

பி.ஆர்.டி.டி. மறுக்கப்பட்டு, வசிப்புக் கடமை நிறைவேறவில்லை என்று எழுத்தில் முடிவு வந்தால், அந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவில் முறையிடலாம். கடிதம் வந்த மனவருத்தத்தில் இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டால் பி.ஆர். நிஜமாகவே போய்விடும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் வரை அந்தஸ்து உயிரோடு இருக்கும். முதல் தடவை வைக்காத புதிய ஆதாரங்களையும் அங்கே வைக்கலாம். சேர்ந்து வாழ்ந்ததற்கான காகிதங்களைச் சரியாகக் கொடுக்காமல் தோற்றவர்களுக்கு இது உண்மையான இரண்டாவது வாய்ப்பு.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. மேல்முறையீடு செய்தவர், அதிகாரியின் சோதனைக்கு முந்தைய 365 நாட்களுக்குள் ஒரு தடவையாவது கனடாவில் இருந்திருந்தால், வழக்கு முடியும் வரை கனடா திரும்ப அவருக்குப் பயண ஆவணம் தர வேண்டும். அந்த ஒரு வருடத்துக்குள் கனடா மண்ணை மிதிக்காதவர்கள் வழக்கு முடியும் வரை வெளியிலேயே காத்திருக்க நேரிடும். விசாரணைக்கு நேரில் வர வேண்டும் என்று மேல்முறையீட்டுப் பிரிவே உத்தரவிட்டால்தான் விலக்கு.

அமெரிக்கா போய், காரில் எல்லை தாண்டலாமா?

வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி வலம்வரும் யோசனை இது. "நியூயார்க் வரைக்கும் ஃப்ளைட்ல போங்க, அங்கேர்ந்து கார்ல பஃபலோ தாண்டிடுங்க." கேட்க சினிமா மாதிரி இருந்தாலும் இது சட்டத்துக்குப் புறம்பானது இல்லை. பி.ஆர். கார்டு கட்டாயம் என்பது டிக்கெட் வாங்கிப் போகும் வாகனங்களுக்குத்தான். சொந்தக் கார், இரவல் கார், வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிவரும் கார் என்றால், எல்லையில் பாஸ்போர்ட்டோடு, காலாவதியான கார்டு, பி.ஆர். ஆனபோது தந்த உறுதிச் சான்று போன்றவற்றைக் காட்டி பி.ஆர். என்பதை நிறுவலாம். பி.ஆர். என்று அதிகாரிக்குத் திருப்தியானால் உள்ளே விட வேண்டும் என்று சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது.

ஆனால் இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு முதலில் அமெரிக்க விசா வேண்டும். அது ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு மட்டுமே இது வழி. புதிதாக எடுக்கக் கிளம்பினால் பி.ஆர்.டி.டி. அதற்கு முன்பே வந்துவிடக்கூடும். டாக்ஸியும் ஷட்டில் வேனும் தனியார் வாகனக் கணக்கில் வராது. வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அந்த நிறுவனம் அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லையிலும் கேள்வி இருக்கும். 730 நாள் இல்லை என்று தெரிந்தால் அதிகாரி அறிக்கை எழுதலாம், அது வெளியேற்ற உத்தரவு வரை போகலாம். அதை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வெளிநாட்டில் மறுக்கப்படுவதற்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம், இவர் வழக்கைக் கனடாவுக்குள் இருந்துகொண்டே நடத்துவார். எந்த அறிக்கையும் இல்லாமல் உள்ளே விட்டுவிட்டால், 730 நாள் சேரும் வரை கனடாவை விட்டு நகராமல், புதுக் கார்டும் கேட்காமல் இருப்பவர்கள் உண்டு. வசிப்புக் கடமை மீறப்பட்டதாக அறிக்கை எழுதப்பட்ட பிறகு கனடாவில் கழிக்கும் நாட்கள் கணக்கில் சேராது. மேல்முறையீட்டில் ஜெயித்தால்தான் சேரும்.

கேட்கும்போது பொய் சொல்வது மட்டும் எந்த வழியிலும் கூடாது. நாள் குறைவு மன்னிக்கப்படலாம். பொய் தனிக் குற்றச்சாட்டாகும்.

விசிட்டர் விசா எடுத்துப் போய்விட்டால்?

பி.ஆர். ஆக இருப்பவருக்கு விசிட்டர் விசா தர மாட்டார்கள். விண்ணப்பித்தால் பழைய பதிவு தெரிந்துவிடும். ஒன்று பி.ஆர்.டி.டி. கேளுங்கள், இல்லை பி.ஆரைக் கைவிடுங்கள் என்று பதில் வரும். மகளின் கல்யாணத்துக்கு அவசரமாகப் போக வேண்டும் என்ற பதற்றத்தில் கைவிடும் படிவத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் வாழும் எண்ணமே இல்லாதவருக்கு அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் குடிமகனான கணவரோடு இவ்வளவு நாளும் ஒன்றாக வாழ்ந்த மனைவி, தகுதி இருந்தும் கையெழுத்துப் போட்டால், பிறகு ஸ்பான்சர் விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அங்கே நாள் கணக்கு இப்படி இல்லை. கணவர் அமெரிக்கக் குடிமகன், அவரோடுதான் வெளிநாட்டில் இருந்தேன் என்பது மட்டுமே பொதுவாகக் காப்பாற்றாது. ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் தனி விசாவுக்கு விண்ணப்பிக்கும் நிலை வரலாம்.

கனடா போய் இறங்கிய பிறகு

பி.ஆர்.டி.டி.யில் நுழைந்தவர் அடுத்து செய்ய வேண்டியது புதுக் கார்டுக்கு விண்ணப்பிப்பது. படிவம் ஐ.எம்.எம். 5444, கட்டணம் மறுபடியும் 50 டாலர். 730 நாள் கணக்கை இங்கேயும் காட்ட வேண்டும். பி.ஆர்.டி.டி.க்குத் திரட்டிய அதே ஃபைலை அப்படியே பயன்படுத்தலாம். கார்டு கைக்கு வரும் வரை மறுபடி ஊருக்கு டிக்கெட் போடாமல் இருப்பது புத்திசாலித்தனம். நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், வேலை போன்ற காரணங்களுக்காக மூன்று மாதத்துக்குள் பயணம் இருந்தால் அவசரப் பரிசீலனை கேட்கலாம். இனிமேல் கார்டு முடிய ஒன்பது மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதைக் காலண்டரில் குறித்துக்கொண்டால், அடுத்த ஊர்ப் பயணம் நிம்மதி.

பலர் இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் "நானும் சிட்டிசன் ஆகிடறேன்" என்று கிளம்புகிறார்கள். குடிமகள் ஆகிவிட்டால் கார்டும் வேண்டாம், 730-ம் வேண்டாம். ஆனால் அங்கே கணக்கு வேறு. விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் கனடாவிலேயே இருந்திருக்க வேண்டும். குடிமகனான கணவரோடு யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ கழித்த நாட்கள் பி.ஆரைக் காப்பாற்றினாலும், குடியுரிமைக் கணக்கில் சேராது. அரசுப் பணிக்காக வெளிநாடு அனுப்பப்பட்டவர்களின் குடும்பத்துக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு அந்த மூன்று வருடக் கணக்கு, பெரும்பாலும் விமானம் தரையிறங்கிய அன்றிலிருந்துதான் தொடங்கும்.